அலை அடங்கிய இடமே அபாயம்



செங்கற்பட்டு மாவட்டக் கோவளத்தில் இளைஞர்கள் பலகையேறி அலைச்சறுக்குப் பயில்கின்றனர். அங்குள்ள மணற்கரையில், நீருக்கடியிலுள்ள மணல்திட்டின் மீதே அலை உடைகிறது. புயலும் பருவக்காற்றும் அத்திட்டை இடம் மாற்றும். சென்ற மாதம் கண்ட துறை இம்மாதம் இராது.

கரைக்கு வந்த நீர், மடை தேடும் வயல்நீரைப் போல, திட்டுகளின் இடைவெளி வழியே கடலுக்கு விரைந்து திரும்பும். அங்கே அலை உடைவது குறைவு, அமைதியாகத் தோன்றும். காணும் பொங்கலன்று நீராட வரும் நம் பிள்ளைகள் அதை நம்பி இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

அதில் சிக்கியவர் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தலாகாது. கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் பக்கம் சேர்ந்து கரையேற வேண்டும். பலகை இருப்பின் விடாது பற்றிக்கொள்க.

நாள்தோறும் மீனவரைக் கேட்டறிந்து, அவ்விடத்தில் சிவப்புக் கொடி நாட்டுவோமாக!