அங்கிருப்பது போன்ற உணர்வு



தலையில் கருவி அணிந்து காணும் மெய்நிகர் ஆவணப்படத்தைக் குறித்துச் சில சொற்கள். கேபோ அரோராவும் கிறிஸ் மில்க்கும் ஐக்கிய நாடுகள் சபைக்காக எடுத்து 2015-ல் வெளிவந்தது 'கிளவுட்ஸ் ஓவர் சிட்ரா'. யோர்தான் நாட்டுச் சாத்தாரி முகாமில் வாழும் 12 வயதுச் சிரியச் சிறுமியின் கதை அது. எத்திசையும் நோக்கும் கேமராவால் எடுத்தமையால், நாம் தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. அம்முகாமிலேயே இருப்பதாக நெஞ்சம் நம்பிவிடுகிறது. ஆனால், குனிந்து நோக்கினால் நமக்குக் காலில்லை! ஓரடி முன்வைத்தாலும் எதுவும் அருகில் வருவதில்லை. இத்தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டையோ விரலால் தடவி எழுத்தறியலாம்.

நம் சொந்த ஊர்த் தேர்த் திருவிழாவை இவ்வாறு படமெடுத்து முதியோர்க்குக் காட்டலாமே என்கின்றனர் நம் இளைஞர். நல்ல எண்ணம், முழங்கால் நோவால் பயணம் மறந்த பாட்டிமார்க்கு அது பெரும்பேறு. வடம் பிடிக்கக் கை இராது. அது பெரிய குறையன்று. "எப்போது வந்தாய்?" என்று கேட்பார் ஒருவரும் இரார், அதுவே குறை. நாம் அவர்களைக் காண்போம்; அவர்கள் நம்மைக் காணார்.

ஆகவே படமெடுக்கச் செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள். கேமராவை ஆளுயரத்தில் நிறுத்தாதீர். பாட்டி நாற்காலியில் அமர்ந்தே காண்பார், உயரம் மிகுந்தால் அந்தரத்தில் மிதப்பதாகத் தோன்றும். திண்ணையில் அமர்ந்தவரின் கண்மட்டத்தில் வையுங்கள். யார் காணப் போகிறார் என்பதை ஊராரிடம் முன்னரே சொல்லுங்கள். அவர் தோழியர் எவரேனும் எதிரே வந்தமர்ந்து, பெயர் சொல்லி நலம் விசாரிக்கட்டும்.