நம் வாசல் வழியாக என்ன போகிறது?
(கேரி தீவில் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



"வக்கீல் சார், கேரி தீவில் ரயிலே இல்லையே, ரயிலைப் பற்றி எங்களிடம் ஏன் பேசுகிறீர்கள்?" என்று வரும்போதே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2017இல் இந்தத் தீவில் புதிய துறைமுகம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பேச்சு சில காலம் அடங்கும், மறுபடி எழும். துறைமுகம் வந்தால் சரக்கு வரும். சரக்கு வந்தால் தண்டவாளம் வரும். வந்த பிறகு கூட்டம் போட்டுப் பயனில்லை. அதனால்தான் இன்றே பேசுகிறேன்.

நான் பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். சரக்கு ரயில் போகும்போது பெட்டிகளை எண்ணுவதுதான் எங்கள் விளையாட்டு. ஒரு நாள்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று யாரிடமும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கிளம்பும் சரக்கு ரயில்கள் இன்றும் கிள்ளான், ஷா ஆலம் என்று வீடுகளுக்கு நடுவேதான் போகின்றன.

2025 ஜூலை 13 அதிகாலை, தமிழ்நாட்டில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தது. 18 டாங்கிகள் எரிந்தன. பக்கத்தில் குடியிருந்தவர்கள் அவசரமாக வெளியேற்றப்பட்டார்கள். உயிரிழப்பு இல்லை என்பது பெரும் ஆறுதல்.

கனடாவில் லாக் மெகான்டிக் என்ற சிற்றூருக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. 2013 ஜூலை 6, நள்ளிரவு தாண்டிய நேரம். கச்சா எண்ணெய் நிறைந்த 72 டாங்கிகளோடு ஒரு ரயில் சரிவில் ஆளில்லாமல் நிறுத்தப்பட்டிருந்தது. போதிய கைப்பிரேக் போடவில்லை. அது தானாக உருண்டு ஊருக்குள் புகுந்து வெடித்தது. 47 பேர் இறந்தார்கள். ஏற்றியிருந்த எண்ணெய், பத்திரத்தில் எழுதியிருந்ததைவிட எளிதாகத் தீப்பற்றக் கூடியது என்று விசாரணையில் தெரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் கனடா அரசு ஓர் ஆணை போட்டது. ரயில் நிறுவனங்கள் எந்த ஊர் வழியாக என்னென்ன அபாயப் பொருள்களைக் கொண்டு போகின்றன என்ற விவரத்தை அந்தந்த ஊர் நிர்வாகத்துக்குக் கொடுக்க வேண்டும். 47 உயிர் போன பிறகு கிடைத்த உரிமை அது! நாமும் அப்படித்தான் பெற வேண்டுமா?

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் 1996இல் பெரும் விபத்து அபாயங்களைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. பேராபத்து உள்ள தொழிற்சாலை, தன்னைச் சுற்றி வாழும் மக்களுக்கு ஆபத்து என்ன, விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்தப் பொருளை ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கு அந்த விதி பொருந்தாது! குளோரின் ஆலைக்குள் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரருக்கு அறியும் உரிமை உண்டு. அதே குளோரின் சக்கரத்தில் ஏறி ஆயிரம் வீடுகளைத் தாண்டிப் போகும்போது, அந்த விதி அந்த ஆயிரம் வீடுகளுக்கும் எதுவும் தருவதில்லை.

சிலாங்கூரில் 2011இல் தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. அதன்படி மாநில இலாகாக்களிடமும் நகராண்மைக் கழகங்களிடமும் தகவல் கேட்கலாம். ஆனால் ரயில் கூட்டரசின் அதிகாரத்தில் உள்ளது. மாநிலச் சட்டம் அங்கே செல்லாது.

"எல்லாவற்றையும் வெளியே சொன்னால் நாச வேலைக்காரனுக்கும் தெரிந்துவிடுமே" என்பார்கள். எந்த ரயில், எத்தனை மணிக்கு என்று நாம் கேட்கவில்லை. என்ன வகைப் பொருள், ஆண்டுக்கு எவ்வளவு என்பது நகராண்மைக் கழகத்துக்கும் தீயணைப்புப் படைக்கும் தெரிய வேண்டும். விபத்து நடந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பது நமக்குத் தெரிய வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று: 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி, புதிய ரயில் பாதைத் திட்டம் 3 மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அந்த 3 மாதம்தான் நம் கையில் இருக்கும் ஆயுதம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எழுத்து மூலம் கருத்துப் போக வேண்டும். அபாயப் பொருள் போகுமா, வீடுகளுக்கும் பாதைக்கும் எவ்வளவு தூரம், யார் கண்காணிப்பது என்று கேளுங்கள். மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால் படிக்கும் பிள்ளைகளை உட்கார வைத்து எழுதுங்கள். நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

இரண்டு: கோல லங்காட் நகராண்மைக் கழகத்துக்கு இப்போதே ஒரு மனு. தீவை விட்டு அவசரமாக வெளியேற என்ன திட்டம் இருக்கிறது என்று கேளுங்கள். பாலத்தில் நெரிசல் ஏற்பட்டால் கைக்குழந்தைக்காரரும் முதியவர்களும் எப்படிப் போவார்கள்? நம்மோடு இதே தீவில் வாழும் மா மெரி மக்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். காற்றில் வரும் நச்சு இனம் பார்க்காது.

மூன்று: பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். டாங்கியில் முனை மேலாக ஒட்டியிருக்கும் சதுரச் சின்னத்தையும் நான்கு இலக்க எண்ணையும் கவனிக்க வேண்டும். 1203 என்றால் பெட்ரோல். 1075 என்றால் சமையல் எரிவாயு வகை. 1017 என்றால் குளோரின். எண்ணெய் டாங்கி எரிந்தால் 800 மீட்டருக்கு அப்பால் விலகுங்கள். குளோரின் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நகர்ந்து மேட்டுக்குப் போங்கள். படம் பிடிக்க நிற்காதீர்கள்.

துறைமுகம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் நம் வாசல் வழியாகப் போவது என்ன என்று கேட்கும் உரிமையும் வேண்டும். வெளியே மேசையில் மனு இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.