தன்மதிப்பு முதலா, தப்பு முதலா?



தன்மதிப்பு இருந்தால்தான் கலையில் வெல்ல முடியும் என்று தன்முன்னேற்றப் பேச்சாளர்கள் கல்லூரி கல்லூரியாகச் சொல்லி வருகிறார்கள். தஞ்சை மண்ணில் உட்கார்ந்து கேட்டால் இது நமக்கு உதைக்கிறது.

பண்ணைகளில் சாணிப்பாலும் சவுக்கடியும் வழக்கமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் சங்கம் கட்டித்தான் அதை எதிர்த்தார்கள். அந்தக் காலத்திலும் நம் சேரிகளில் தப்பு முழங்கியது. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் எடுத்துச் சாவு வீட்டில் விடிய விடிய அடித்தவருக்குக் கூலி கொஞ்சம் நெல். அடியில் பிசகு இருந்ததா? இல்லை. திறமைக்குத் தன்மதிப்பு முன்நிபந்தனை என்றால், நம் பாட்டன்மார் கலையை நாமே சிறுமைப்படுத்துகிறோம். (கருவிக்கே 'தப்பு' என்று பெயர். அதை வைத்துக் கேலி செய்யாத வாத்தியார் குறைவு.)

ஆனால் வெற்றி என்பது வேறு. 'அடிக்க மாட்டேன்' என்று சொல்ல முடியாதவரை ஊர் அதைக் கலையாகக் கணக்கில் வைக்கவில்லை, ஊழியமாகத்தான் வைத்தது. பிறகு பல ஊர்களில் நம்மவர்கள் சாவுக்கு அடிக்க மறுத்தார்கள், சிலர் பறையையே எரித்தார்கள். 1990களில் தலித் கலை விழாக்களில் அதே பறை மேடையேறியது. எரித்தவர் சரியா, ஏற்றியவர் சரியா என்று நமக்குள் பெரிய சண்டை. மறுத்தவர்கள் இல்லையென்றால் மேடையும் இல்லை என்பதே எங்கள் எண்ணம்.

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமையை முன்வைத்து இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் கே.ஏ. குணசேகரன். அவருடைய 'வடு' 2005இல் வந்தது. சிறுவயதில் பட்ட சாதி அவமானங்களை அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவமானமெல்லாம் ஆறிய பிறகா அவர் பாட வந்தார்? பாடிக்கொண்டிருக்கும்போதே கேட்ட கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பாடகருக்கும் தெம்பு வந்திருக்கும்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி இருக்கிறார், கல்லூரி மாணவர். அப்பா தப்பு அடிப்பவர். மகனுக்கும் கை அபாரம். கல்லூரிப் படிவத்தில் அப்பாவின் தொழிலைக் 'கூலி' என்று எழுதியிருக்கிறார். போன நிகழ்ச்சி நோட்டீசில், "ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம்ண்ணே" என்றார். எடுத்துவிட்டுத்தான் அச்சடித்தோம். அன்றைக்கு அவர் அடித்த அடியில் பந்தலே எழுந்து ஆடியது. பெயரை எடுத்தது சரிதானா என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.