கம்பெனி பேர் போர்டில், நம்ம பேர் எதில்?

(கட்டடத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெரிய கம்பெனியில் வேலை என்றால் ஊரில் மதிப்பாகத்தான் பார்க்கிறார்கள். தலையில் மஞ்சள் ஹெல்மெட், காலில் பூட்ஸ். பண்ணையில் குனிந்து நின்றவர் மகன் இருபதாவது மாடியில் நின்று கம்பி கட்டுகிறான். சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கம்பெனிக்கு நான் யாரென்றே தெரியாது. பதினாலு வருஷத்தில் எந்தக் கம்பெனியும் என் கையில் கூலி கொடுத்ததில்லை.

கம்பெனி சப்-காண்டிராக்டருக்குக் கொடுக்கிறது. அவர் டன்னுக்கு இவ்வளவு என்று மேஸ்திரிக்கு விடுகிறார். மேஸ்திரி சேரிக்கு வந்து அட்வான்ஸ் கொடுத்து ஆள் கூட்டிப்போகிறார். ஒவ்வொரு கையும் எடுத்தது போக மிச்சம்தான் நமக்கு.

மேஸ்திரியோடு சாதியும் சைட்டுக்குள்ளே வருது. அதுக்குக் கேட் பாஸ் வேண்டாம். சொந்த சாதிப் பையன் கையில் கரணை, நம்ம பையன் தலையில் பாண்டு. நம்ம பெண்கள் இருபது வருஷம் கலவை சுமந்தாலும் சித்தாள்தான். கொத்தனார் ஆன பெண்ணை எத்தனை பேர் பார்த்திருக்கீங்க? உழைப்பவர்களையே சாதி பிரித்துவைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். இன்றைக்கும் தகர ஷெட்டில் தண்ணி டிரம்மைப் பாருங்கள், புரியும். ஒடிசா, பீகார் பையன்கள் நம்ம வேலையைப் பறிக்கிறார்கள் என்று திட்டாதீங்க. அவனையும் ஒரு மேஸ்திரிதான் அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிவந்தான்.

எங்களோடு கம்பி கட்டிய ஒருத்தர் சாரத்திலிருந்து விழுந்து செத்தார். "எங்க ஆளே இல்ல, காண்டிராக்டரைக் கேளுங்க" என்றது கம்பெனி. காண்டிராக்டர் போனை அணைத்துவிட்டார். அவர் மனைவி கையில் இருந்தது கேட் பாஸ் ஒன்றுதான். அதில் கம்பெனி சீல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு கேட்டில் உட்கார்ந்தோம். மூணாம் நாள் பேச வந்தார்கள்.

அது அவர்கள் போட்ட பிச்சை இல்லை. காண்டிராக்டர் வைத்த ஆள் அடிபட்டாலும் வேலைக்குச் சொந்தக்காரரிடமே இழப்பீடு கேட்கலாம் என்று 1923ஆம் வருஷச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொன்னது. காண்டிராக்டர் கூலி கொடுக்காவிட்டால் கம்பெனிதான் கொடுக்க வேண்டும் என்று 1970ஆம் வருஷ ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொன்னது. 2019, 2020இல் இயற்றிய புதிய சட்டத் தொகுப்புகளிலும் இந்தப் பொறுப்பு இருக்கிறது. "எங்க ஆள் இல்ல" என்பது சட்டமே ஏற்காத பேச்சு.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் வந்தது. 1996ஆம் வருஷ செஸ் சட்டம் கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதம் கட்டச் சொன்னது. நூறு கோடி கட்டடத்துக்கு ஒரு கோடி. நம்மைக் காட்டி வசூலிக்கிற பணம். ஆனால் பதிவுக்கு, வருஷத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும் என்றது அதே வருஷத்து இன்னொரு சட்டம். நம்ம பேரே இல்லாத கம்பெனி அதை எழுதித் தருமா?

அதனால் நாமே எழுதுவோம். ஒரு நோட்டு வாங்குங்க. தேதி, சைட், கம்பெனி பேர், மேஸ்திரி பேர், வாங்கிய கூலி எல்லாத்தையும் தினமும் எழுதுங்க. எழுதத் தெரியாதவங்க பிள்ளைகளை எழுதச் சொல்லுங்க. கேட் பாஸை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்க. கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்க. தனியாகக் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. பத்துப் பேராகக் கேளுங்க. அந்தப் பத்தில் ஒடிசாக்காரனும் இருக்கட்டும்.