ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சேதி



'மலடி' என்ற சொல் நமக்கெல்லாம் தெரியும். நல்ல காரியத்துக்குப் போகும்போது அவள் எதிரில் வரக்கூடாது என்பார்கள். வளைகாப்பில் வளையல் போடக்கூடாது என்பார்கள். 'மலடன்' என்ற சொல்லை எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? அகராதியில் இருக்கிறது. ஊர் வாயில் இல்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லை என்றால் பெண்ணைத்தான் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போகிறோம். மாப்பிள்ளைக்கு மீசை இருக்கிறது, திடமான உடம்பு இருக்கிறது, அவருக்கு என்ன குறை என்கிறோம்.

குறை எங்கே இருக்கலாம் என்று தெரிய, உடம்புக்குள் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். கல்யாணம் ஆகாத பெண் இதைப் பேசலாமா என்று சில பெரியவர்கள் நினைப்பீர்கள். பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம்தான். பேசலாம்.

மூக்குக்கு நேர் பின்னால், மூளையின் அடியில், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் பிட்யூட்டரி. எடை அரை கிராம் இருக்கும். மேலே உள்ள மூளை சொல்வதைக் கேட்டு இது சில நீர்களைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. இந்த நீர்தான் ஹார்மோன். ரத்தத்தோடு ஓடிப்போய், எந்த உறுப்புக்கு உரியதோ அந்த உறுப்பை வேலை செய்ய வைக்கும். ஒரு சேதி மாதிரி.

பிள்ளைப்பேறு சம்பந்தமாகப் பிட்யூட்டரி இரண்டு சேதிகளை அனுப்புகிறது. ஒன்றுக்கு எஃப்.எஸ்.எச். என்று பெயர். மற்றதற்கு எல்.எச். என்று பெயர். பெயர் மறந்தால் பரவாயில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பெண் உடம்பில் ஓடுவதும் ஆண் உடம்பில் ஓடுவதும் இதே இரண்டு சேதிகள்தான். ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று இல்லை.

பத்துப் பதினொரு வயதில் இந்தச் சேதி வலுக்கிறது. பெண் வயசுக்கு வருகிறாள். பையனுக்குக் குரல் உடைகிறது. பெண்ணுக்குச் சடங்கு வைத்து மைக் செட் கட்டுகிறோம். பையனை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் இருவர் தலைக்குள்ளும் நடந்தது ஒன்றுதான்.

பெண்ணுக்கு அடிவயிற்றில் இரண்டு சினைப்பைகள். பிறக்கும்போதே அவற்றில் லட்சக்கணக்கான முட்டைகள் இருக்கின்றன. ஆயுளில் வெளியே வருவது ஏறக்குறைய 400 முட்டைதான். முதல் சேதி வந்ததும் சில முட்டைகள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று முந்தும். அது வளரும்போது அதைச் சுற்றியுள்ள பகுதி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அதனால் கருப்பையின் உள்பக்கம் மெத்தைபோலத் தடிக்கும். ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போனதும் பிட்யூட்டரி இரண்டாவது சேதியை மொத்தமாக அனுப்பும். அடுத்த ஒன்றரை நாளில் முட்டை வெளியே வந்துவிடும். முட்டை இருந்த இடம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து மெத்தையைக் காக்கும். கரு உண்டாகவில்லையா, இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பு நிற்கும். மெத்தை கழன்று ரத்தத்தோடு வெளியேறும். அதுதான் மாதவிலக்கு. குழந்தைக்கு என்று போட்ட படுக்கை அது. அதைப் போய்த் தீட்டு என்கிறோம்.

கரு தங்கிவிட்டால் கருவே தன் பங்குக்கு ஒரு ஹார்மோனை அனுப்பி, 'நான் வந்துவிட்டேன், மெத்தையைக் கலைக்காதே' என்று சொல்கிறது. ஆஷா பணியாளர் தருகிற நிச்சய் அட்டையில் சிறுநீர் விட்டுப் பார்க்கிறோமே, அந்த அட்டை கண்டுபிடிப்பது இந்த ஹார்மோனைத்தான்.

ஆணுக்கு வருவோம். விதைக்கு இரண்டாவது சேதி போனால் அது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். மீசை, தாடி, கனத்த குரல், தசை எல்லாம் இதன் வேலை. முதல் சேதியும் டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்தால்தான் விந்தணு உருவாகும். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். வெளியாகும் விந்தில் கோடிக்கணக்கில் அணுக்கள் இருக்க வேண்டும். ஆரோக்கியமான ஆணின் விந்திலும், அணு இல்லாத விந்திலும், கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கிடையாது. மீசையை வைத்தும் சொல்ல முடியாது, தாம்பத்தியத்தை வைத்தும் சொல்ல முடியாது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இளைஞர்கள் கவனித்துக் கேளுங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி சிலர் மிதவை வைத்திருக்கிறார்கள். உடம்பிலும் அப்படித்தான். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி சேதியைக் குறைத்துக்கொள்ளும். இப்போது சில ஜிம்களில் சீக்கிரம் உடம்பு ஏறும் என்று ஊசி போடுகிறார்கள். அதில் இருப்பது டெஸ்டோஸ்டிரோன், அல்லது அதன் சாயலில் செய்த மருந்து. தொட்டியில் வெளியே இருந்து லாரித் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? மோட்டார் நின்றுவிடும். தலையிலிருந்து சேதி வராது. விதை வேலையை நிறுத்தும், சுருங்கும். விந்தணு அடியோடு இல்லாமலும் போகலாம். ஊசியை நிறுத்திய பிறகு பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகிறது. தோள் இரண்டும் மலைபோல இருக்கும், அணு இருக்காது. அந்த வீட்டில் மலடி என்ற பெயர் யாருக்குக் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மாலா-என் மாத்திரை செய்வதும் இதே வேலைதான். அதில் பெண் ஹார்மோன்கள் இருக்கின்றன. தினமும் சாப்பிட்டால் முட்டையை வெளிவிடும் சேதி போவதில்லை. நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதங்களுக்குள் மறுபடி போகும். ஆனால் இது டாக்டரோ நர்ஸோ விசாரித்துக் கொடுக்க வேண்டிய மருந்து. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களுக்கும் ஆகாது.

வயதான அம்மாக்கள் 'எங்களுக்கு ஒன்றும் இல்லையா' என்று பார்க்கிறீர்கள். இருக்கிறது. 45 முதல் 50 வயது வாக்கில் சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. பிட்யூட்டரி விடுவதில்லை. பதில் வரவில்லையே என்று சேதியை இன்னும் அதிகமாக அனுப்புகிறது. அது ரத்தத்தில் சேர்ந்து சிறுநீரிலும் போகிறது. விலக்கு நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்து, முட்டை வளராத பெண்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். பாட்டியின் சேதி பேத்திக்கு உதவியது!

கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் என்ற டாக்டர் இந்த ஊசியைக் கொண்டுதான் முட்டைகளை வளர்த்து, உடம்புக்கு வெளியே கருவாக்கினார். 1978 அக்டோபர் 3-ஆம் தேதி துர்கா என்ற பெண் குழந்தை பிறந்தது. உலகத்தில் இது இரண்டாவது. மேற்கு வங்க அரசு நியமித்த குழு அதை நம்பவில்லை. மனமுடைந்த அந்த மனிதர் 1981-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் செய்தது உண்மை என்று 1997-இல் எடுத்துச் சொன்னவர் ஆனந்த் குமார் என்ற விஞ்ஞானி. இந்தியாவில் முதலில் செய்தவர் என்று அதுவரை பெயர் வாங்கியிருந்தவரே அவர்தான்.

இனி, வீட்டில் செய்ய வேண்டியது. ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் டாக்டரிடம் போக வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், குழாய் அடைப்புப் பரிசோதனை என்று பல உண்டு. சில வலிக்கும். தைராய்டு ஹார்மோன் கோளாறு இருந்தாலும் முட்டை வளராமல் போகலாம். அதற்கு மாத்திரை உண்டு. ஆணுக்கு முதல் பரிசோதனை ஒன்றுதான். இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை சேராமல் இருந்து, விந்தை ஒரு சுத்தமான டப்பாவில் கொடுக்க வேண்டும். ஊசி இல்லை, வலி இல்லை. காய்ச்சல் வந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டரை மாதக் கணக்கு சொன்னேன் அல்லவா, போன மாதக் காய்ச்சல் இந்த மாத அணுவைக் குறைத்துக் காட்டும். முதல் முறை குறைவாக வந்தால் மறுபடி ஒரு முறை பார்ப்பார்கள்.

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்கள் சந்தேகம் இருந்தால் இப்போது கேட்கலாம். எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். இப்போதுதான் எல்லோருக்கும் எழுதத் தெரியுமே.