காயம் பட்டால் அன்றைக்கே பதிய வேண்டும்

(பிரட்டுக்களத்தில் சேமநல உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



விறகு மலையில் மரம் வெட்டுகிறவர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வந்தேன். கொழுந்து எடுப்பவர்களுக்கும், கவ்வாத்து வெட்டுபவர்களுக்கும், ஸ்டோரில் வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

சில வருஷங்களுக்கு முன் நான் வேறொரு தோட்டத்தில் இருந்தேன். அங்கே மரம் இறக்கும்போது ஒரு அண்ணனின் தோளில் கிளை அடித்துவிட்டது. "சும்மா ஊமைக்காயம்தான் ஐயா, தைலம் தேய்ச்சா சரியாயிடும்" என்று சொல்லி லயத்துக்குப் போய்விட்டார். நானும் "பார்த்து இருங்க" என்றேனே தவிர, பதியச் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் கை தலைக்கு மேலே எழும்பவில்லை. நட்டஈடு கேட்டபோது, "வேலையில் அடிபட்டதற்கு என்ன அத்தாட்சி?" என்றார்கள். காட்ட ஒரு துண்டுகூட இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவரும் கொழும்புக்குப் போய்விட்டார். அதில் என்னுடைய குற்றமும் உண்டு. அதனால்தான் இப்படி வற்புறுத்துகிறேன்.

வேலையின்போது ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தி, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள். ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதாது, கையில் அத்தாட்சி வேண்டும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள்:

1. காயம் சிறிதோ பெரிதோ, உடனே கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ சொல்லுங்கள்.

2. அன்றைக்கே தோட்ட டிஸ்பென்சரிக்குப் போய், "வேலையில் பட்டது" என்று சொல்லிப் பதிய வையுங்கள். வீட்டில் விழுந்ததாக யார் சொல்லச் சொன்னாலும் சொல்ல வேண்டாம்.

3. தேதி, நேரம், மலை நம்பர், செய்த வேலை, காயம் பட்ட இடம், பார்த்தவர் பேர் எல்லாவற்றையும் பிள்ளையின் கொப்பியிலாவது எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள்.

4. ஆஸ்பத்திரித் துண்டுகளைத் தொலைக்காமல் வையுங்கள்.

கொந்தராத்துக்காரரிடம் மரம் வெட்டப் போகும் தம்பிமாரும் இப்படியே செய்ய வேண்டும். "நாங்க செக்ரோல் ஆள் இல்லையே" என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

"சொன்னா பேர் போயிடும், கங்காணி கோவிப்பார்" என்று பயப்படுகிறீர்கள், எனக்குத் தெரியும். ஒரு நாள் பேர் போனால் மறுநாள் போடலாம். கை போனால் என்ன செய்வது?

இன்னொன்று. பதிவது நட்டஈட்டுக்கு மட்டுமல்ல. ஒரே கானில் மூன்று பேர் சறுக்கி விழுந்ததாகப் புத்தகத்தில் இருந்தால், அங்கே படி வெட்டச் சொல்லித் துரையிடம் கேட்கலாம். காய்ந்த கிளை மயிரிழையில் தப்பி விழுந்தாலும் வந்து சொல்லுங்கள். அடுத்த ஆளின் தலை தப்பும்.

இன்று இரவு லயத்தில் இதை நாலு பேரிடம் பேசுங்கள்.