கல்லும் கவிதையும் கோடும்

(கோடைகால மக்தப் பிள்ளைகளின் ஓவிய, அரபு எழுத்துக் கண்காட்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





மக்தபில் அரபு எழுத்துப் பயிற்சி சரி, ஓவிய வகுப்பு எதற்கு என்று சிலர் நம்மிடம் கேட்டார்கள். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். பதிலாக ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறோம்.

முனா சவூதி. பெயரில் சவூதி இருந்தாலும் பிறந்தது ஜோர்தானின் அம்மானில், 1945இல். மேற்படிப்புக்குத் தந்தை சம்மதிக்காததால் 17 வயதில் வீட்டைவிட்டே பெய்ரூத் போனவர். போனதை நாம் மெச்சவில்லை. அந்த நிலை ஏன் வந்தது என்று தகப்பன்மார்கள் யோசிக்கலாம். பிறகு பாரிஸில் சிற்பம் பயின்றார். சிலை என்றதும் நம்மவர்களுக்கு வரும் தயக்கம் தெரிந்ததே. மார்க்கச் சட்டத்தை ஆலிம்கள் சொல்வார்கள். அவர் கல்லில் செதுக்கியவை பெரும்பாலும் வளைவுகள், வட்டங்கள், பிளவுகள். கண், மூக்கு வைத்த உருவங்கள் அல்ல.

அதே வளைவுகளைக் காகிதத்திலும் வரைந்தார், கவிதையோடு சேர்த்து. 1976 மார்ச் 30 அன்று, நிலப் பறிப்பை எதிர்த்த ஃபலஸ்தீனர் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி மஹ்மூத் தர்வீஷ் ‘நிலத்தின் கவிதை’யை எழுதினார். முனா அக்கவிதைக்கு ஓவிய வரிசையே செய்தார். கவிதைக்குப் பக்கத்தில் அலங்காரமாக ஒரு படம் போடுவது வேறு; இவரிடம் அரபு வரிகளும் கோடுகளும் ஒரே தாளில் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். அரபு தெரியாதவரும் அதில் ஒரு மண்ணின் பாரத்தை உணரலாம்.

நமக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1967 போரில் வீடிழந்தவர்களுக்காக அம்மான் அருகே எழுந்தது பக்ஆ அகதி முகாம். அங்குள்ள பிள்ளைகளிடம் அவர் தாளும் வண்ணமும் கொடுத்தார். விமானம், குண்டு, விட்டுவந்த வீடு எல்லாம் தாளில் வந்தன. அவற்றையும் பிள்ளைகளின் சொற்களையும் சேர்த்து 1970இல் பெய்ரூத்தில் புத்தகமாக்கினார். வாயால் சொல்லத் தெரியாத வயதில் அந்தப் பிள்ளைகள் கொடுத்த சாட்சியம் அது.

முனா 2022இல் பெய்ரூத்தில் மறைந்தார்.

ஆகவே ஓவிய வகுப்பு தொடரும், இன்ஷா அல்லாஹ். உயிரினங்களை வரையச் சொல்வதில்லை; எழுத்து, இலை, வீடு, தெரு, கடல் போதும். பெண் பிள்ளைகளை இடையில் நிறுத்திவிடாதீர்கள். வண்ணப்பெட்டி வாங்க இயலாதவர்கள் அலுவலகத்தில் சொன்னால் போதும், பெயர் வெளியே வராது.

வஸ்ஸலாம்.